அதைச் செஞ்ச ஆசாரி பேரு என்ன?



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் நாயக்கர் காலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இசையிலும் இலக்கியத்திலும் பெரிய ஆள், 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த இன்றைய வீணை அவர் காலத்தில்தான் உருவானது என்பார்கள், அதனால் அதற்கு ரகுநாத வீணை என்றே ஒரு பெயர் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், அதைச் செஞ்ச ஆசாரி பேரு என்ன?"

வகுப்பே சிரித்தது. கேட்டவன் அப்பாவும் ஆசாரி. நானும் சிரித்துவிட்டேன். "பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்காதே, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வியே கேட்டதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு பட்டறைக்குப் போய்விட்டான்.

அந்தக் கேள்விக்கு இந்த வருஷம்தான் பதில் தேடினேன். தேட வைத்தது என் பேத்தி.

கோடை விடுமுறைக்கு வந்தவள் கையில் ஒரு சின்ன வாத்தியம் கொண்டுவந்தாள். பார்ப்பதற்குக் கிடாரின் குட்டி போல இருக்கும். நாலே நரம்பு. உகுலேலே என்று பெயர். யூகலேலி என்றும் சொல்கிறார்கள். நான்கு நாள் வீடே கலகலப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் அதைக் காரின் பின்சீட்டில் மறந்து வைத்துவிட்டாள். அக்னி நட்சத்திரத்தில் விஸ்வநத்தம் வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், நரம்புகளைக் கட்டியிருக்கும் குதிரை பசை இளகிப் பெயர்ந்து நரம்போடு தொங்குகிறது.

"அம்மாச்சி, இதை ஒட்டித் தர ஆள் இருக்கா இங்கே?" என்று கேட்டாள். எனக்கு அவன் ஞாபகம் வந்தது.

பட்டறையில் இப்போது அவன்தான் ஆசாரி. கதவு, ஜன்னல், கட்டில் வேலை. தலை நரைத்துவிட்டது. "வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்றான். வாத்தியத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டைக்குள் விரலைவிட்டுத் தடவினான். முதுகைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டான்.

"இது ஒட்டுப்பலகை டீச்சர். குதிரையை ஒட்டிரலாம். ஆனா பாப்பா நல்லா வாசிக்குமா? வாசிக்கும்னா நானே மரத்துல ஒண்ணு செதுக்கிப் பாக்கவா?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்து, இந்த வாத்தியம் எங்கே பிறந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். வரலாற்று டீச்சருக்கு வேறென்ன வேலை?

இதன் கதை கரும்புத் தோட்டத்தில் ஆரம்பிக்கிறது.

1879ஆம் வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மே மாதம் லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவை அடைந்தது. பிஜிக்குப் போன முதல் இந்தியக் கூலிக் கப்பல் அது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர்களும் தெலுங்கர்களும் அங்கே போனார்கள். நம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் மொரிஷியஸுக்கும் போன கதைகள் நம் வீடுகளிலேயே உண்டு.

அதே 1879 ஆகஸ்ட் 23ஆம் தேதி, அதே பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் வந்து நின்றது. போர்ச்சுக்கல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா தீவிலிருந்து நானூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி, நான்கு மாதம் கடலில் கிடந்து வந்த கப்பல். அவர்களும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள்தான். மதீராக்காரர்கள் தங்களோடு பிராகின்யா என்ற நாலு நரம்புச் சின்ன வாத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். கரை இறங்கிய சில நாட்களிலேயே அவர்கள் தெருவில் இரவு நேரங்களில் வாசிப்பதைப் பற்றி ஹொனலூலு பத்திரிகை எழுதியது.

அந்தக் கப்பலில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. மூன்று பேரும் தோட்ட வேலையை முடித்துக்கொண்டு ஹொனலூலுவுக்குத் திரும்பி, 1880களில் ஆளுக்கொரு கடை வைத்தார்கள். மேசை நாற்காலியும் செய்தார்கள், வாத்தியமும் செய்தார்கள். மதீராவில் பழகிய மரம் அங்கே கிடைக்காது. கோவா என்ற உள்ளூர் மரத்தை எடுத்துக்கொண்டார்கள். அது வேல மர இனம். நம் ஊர் ஓடைக்கரையில் நிற்கிற கருவேலத்துக்கும் உடைமரத்துக்கும் தூரத்து உறவு. ஊர் விட்டு ஊர் போன ஆட்கள், அந்த மண்ணின் மரத்தில், தங்கள் ஊர் வாத்தியத்தைச் சிறிது மாற்றிச் செய்தார்கள். அதுதான் உகுலேலே ஆனது.

அப்போது ஹவாய் தனி நாடு. கலாகவுவா என்பவர் அரசர். பாதிரிமார்களின் எதிர்ப்பால் ஒடுங்கிக் கிடந்த ஹூலா ஆட்டத்தை அரண்மனைக்கே அழைத்து வந்தவர். கூலிகள் கொண்டுவந்த இந்தச் சின்ன வாத்தியத்தையும் அவர் அரவணைத்துக்கொண்டார். அதனால்தான் ஏழு எட்டு வருஷத்துக்குள் அது ஹவாய் மக்களின் சொந்த வாத்தியமாகிவிட்டது. அவருக்குப் பின் வந்த அரசி லிலியுஓகலானியை 1893இல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. உகுலேலே என்ற சொல்லுக்குத் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பலரும் பொருள் சொல்வார்கள்; வாசிக்கிற விரல் அப்படித் துள்ளுமாம். அந்த அரசி மட்டும் 'இங்கே வந்து சேர்ந்த பரிசு' என்று பொருள் சொன்னாராம். நாட்டை இழந்த அம்மாள் சொன்ன பொருள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

1915இல் பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட சான் பிரான்சிஸ்கோவில் பெரிய கண்காட்சி நடந்தது. ஹவாய் அரங்கில் உகுலேலே கேட்ட அமெரிக்காவுக்குப் பைத்தியம் பிடித்தது. பெரிய கிடார் கம்பெனிகள் எல்லாம் உகுலேலே செய்ய இறங்கின. ஹொனலூலுவிலும் சாமுவேல் கமாகா என்பவர் 1916இல் ஆரம்பித்த பட்டறை இன்றைக்கும் அவர் குடும்பத்தின் கையில் நடக்கிறது.

இங்கேதான் நான் படிப்பதை நிறுத்தி யோசித்தேன். மூன்று கூலி ஆசாரிகளின் பெயர் நமக்கு எப்படித் தெரிகிறது?

காரணம் சாதாரணமானது. வாத்தியத்தின் வயிற்றுக்குள், ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி, செய்தவர் பெயரை அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள். நூனெஸ் ஒரு படி மேலே போய், உகுலேலேயைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று அதில் அச்சடித்துக்கொண்டார். மற்ற இருவரும் அவருக்கு முன்பே இறந்துபோக, 1922 வரை வாழ்ந்த அவர் பெயர்தான் ஓங்கி நின்றது. பிற்பாடு பழைய பத்திரிகை விளம்பரங்களையும் ஊர் முகவரிப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்துத்தான் மூன்று பேருக்கும் சமமான இடம் கிடைத்தது. ஆக, பெயர் எழுதினால்தான் நிற்கும். எழுதியதையும் சரிபார்த்தால்தான் நியாயம் நிற்கும். இது வரலாறு படிக்கிறவர்களுக்கு முதல் பாடம். முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த எனக்கு இதை ஒரு குட்டி வாத்தியம் சொல்லிக்கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். பெஞ்சின் மேல் வெளிர் மஞ்சளாக ஒரு மரக்கட்டை. 21 அங்குல நீளம், 7 அங்குல அகலம், இரண்டரை அங்குல கனம்.

"என்ன மரம்ப்பா?"

"குமிழம் டீச்சர். ராஜபாளையம் பக்கம் தோப்புல வெட்டுனது. நாலு வருஷம் நெழல்ல காஞ்சிருக்கு. எடை இருக்காது, வெடிக்காது, உளிக்குச் சொன்னபடி கேக்கும்."

குமிழம் என்றதும் எனக்குப் பத்துப்பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆட்டிடையன் வருகிறான். ஞெலிகோலால் தீக்கடைகிறான். ஒரு மரத்தில் குழி தோண்டி இன்னொரு கோலை நட்டுக் கடைந்தால் தீப்பொறி வருமே, அந்தக் கோல்தான் ஞெலிகோல். அந்த நெருப்பால் மூங்கிலில் துளை சுட்டுக் குழல் செய்து வாசிக்கிறான். குழல் சலித்ததும், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். குமிழில் பெரியது, சிறியது என்று இரண்டு இனம் உண்டு. இடையன் கையில் இருந்தது எந்தக் குமிழோ. ஆனால் குமிழில் நரம்புக் கருவி செய்யலாம் என்ற அறிவு நம் மண்ணில் சுமார் 2000 வருஷம் பழையது. என் மாணவன் பத்துப்பாட்டைப் படித்தவன் இல்லை. அவன் கைக்கு அது தெரிந்திருக்கிறது.

தீப்பெட்டி ஊர்க்காரர்களான நமக்கு அந்த ஞெலிகோலும் முக்கியம். நம் தீக்குச்சிக்கு அது மூத்த அண்ணன். தீயையும் இசையையும் ஒரே ஆள், கையில் கிடைத்த மரத்திலிருந்து எடுத்திருக்கிறான்.

பாணர்கள் வைத்திருந்த பெரிய யாழ்களைப் பற்றிப் பொருநராற்றுப்படை விவரமாகச் சொல்கிறது. பத்தர் என்ற மர வயிறு, அதன் மேல் போர்த்திய தோல், கொம்பு, வார்க்கட்டு, நரம்பு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் உவமை. மானின் குளம்புத் தடம் போல நடுவில் பிரிந்து இருபுறமும் சரிந்த பத்தர் என்கிறார் புலவர். பட்டறையில் நின்று பார்த்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும். பின்னால் யாழ் வழக்கொழிந்து போனது. இலங்கை மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல வருஷம் உழைத்து, இந்த வரிகளையும் இசைக் கணக்கையும் வைத்து யாழின் வடிவத்தை மீட்டார். அவருடைய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். செதுக்கிய கை விட்டுப்போன ஒரு கருவியைக் காகிதத்திலிருந்து திரும்ப எடுக்க எவ்வளவு பாடு பாருங்கள். யாழ் கேட்ட வள்ளல்களின் பெயர் இருக்கிறது. பாடிய புலவர்களின் பெயர் இருக்கிறது. அந்தப் பத்தரைக் குடைந்தவர் பெயர் மட்டும் இல்லை.

இப்போது என் மாணவன் கேட்ட தஞ்சாவூர் வீணைக்கு வருவோம்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி, யாளி முகம் என்று மூன்று பகுதி. மூன்றையும் தனித்தனியாகச் செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுவதையும் குடைந்து எடுப்பது ஏகாண்ட வீணை; ஏகாந்த வீணை என்றும் சொல்வார்கள். வாய்ச்சியால் கொத்தி, உளியால் குடைந்து, குடத்தை மெல்லிய ஓடு போல ஆக்குவார்கள். மரத்தைப் பூராவும் குடைந்து முடிக்கிற நேரத்தில் உளி ஒரு தடவை ஆழமாக இறங்கினால் அத்தனை நாள் வேலையும் போச்சு. பிறகு மேளம் கட்டுதல். தேன்மெழுகும் கரியும் சேர்த்த கலவையைத் தண்டியின் மேல் கரையாகக் கட்டி, அதில் 24 பித்தளை மெட்டுகளைப் பதிப்பார்கள். ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் காதால் கேட்டு நகர்த்தி நிறுத்த வேண்டும். அளவுகோலை விட அங்கே காதுதான் பெரிது.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் கிடைத்தது. நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல காலம் காய்ந்து உரமேறிய உத்திரங்களைத் தேடி வாங்கிக் கடைவார்கள். அங்கே ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி என்று இசை உலகம் இன்றும் சொல்கிறது. வாசித்தவரோடு செய்தவர் பெயரும் நின்றது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ரகுநாத நாயக்கரின் வீணையைச் செதுக்கிய ஆசாரி? நான் பாடம் நடத்திய எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர் இல்லை. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "நல்ல கேள்விப்பா. அந்தப் பேரை யாரும் எழுதி வைக்கலை. எழுதாதது நம்ம தப்பு." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மெஷின் எதுவும் தொடவில்லை. பேத்தியும் கூட இருந்தாள்.

பழைய உகுலேலேயைக் கட்டை மேல் கவிழ்த்துப் பென்சிலால் கோடு போட்டான். ஏகாண்ட வீணை மாதிரியே உடம்பும் கழுத்தும் ஒரே கட்டை. வளைவுகளைச் சிறிய வாளால் அறுத்தான். அறுபடாத மூலைகளை உளியால் எடுத்தான். உள்ளே குடைய வேண்டிய இடத்தில் கைத்துரப்பணத்தால் வரிசையாகத் துளை போட்டான். துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குத் துரப்பண முனையில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டான். நூல் மரத்தைத் தொட்டால் நிறுத்து. பிறகு குழி உளியும் கொட்டாப்புளியும். கொட்டாப்புளிச் சத்தம் ஆரம்பத்தில் 'டொக் டொக்' என்று கெட்டியாக இருந்தது. குடையக் குடையச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. நாலாவது வாரம் குடத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்டது. "இனிமே கொட்டாப்புளி வேண்டாம்" என்று கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் மட்டும் உளியைத் தள்ளினான். பக்கச்சுவரும் முதுகும் நாலைந்து மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

அடுத்தது மேல்பலகை. வாத்தியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நரம்பு மட்டும் அதிர்ந்தால் கொசு பறக்கிற சத்தம்கூட வராது. அது நூல் மாதிரி காற்றை வெட்டிக்கொண்டு போய்விடும். நரம்பு குதிரையை ஆட்ட, குதிரை பலகையை ஆட்ட, அகலமான பலகை காற்றைத் தள்ளினால்தான் நம் காதுக்கு வரும். பலகை தடித்தால் ஆடாது. ரொம்ப மெலிந்தால் நரம்பின் இழுப்புக்கு வளைந்துவிடும். இந்த அளவு வாத்தியத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இழைப்புளியில் இழைத்து இழைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஓரத்தில் லேசாக வெளிச்சம் ஊடுருவியது.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஒட்டுவோம். இப்போது எல்லாம் அட்டை. அப்போது மெல்லிய மரப்பட்டை. அடிப்பெட்டி, மேல்பெட்டி, நீலத்தாள், பசை. குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144. பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நார் போகிற திசை பார்த்து மடிப்பார்கள் அம்மா. திசை மாறி மடித்தால் ஒடிந்துவிடும். இவனும் அதையேதான் பார்த்தான். நார் நீளவாக்கில் போக வேண்டும். அப்போதுதான் நரம்பின் இழுப்பைப் பலகை தாங்கும்.

"ஒனக்கு இது எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"எங்க அம்மாவும் பெட்டி ஒட்டுனவுகதான டீச்சர்" என்றான்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கற்று, அடுத்த வருஷம் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் சோறு போட்ட தொழில். அந்தப் பெயர்களை நான் பெருமையோடு பாடம் நடத்தியிருக்கிறேன், நடத்த வேண்டியதுதான். ஆனால் கட்டை அடுக்கினவர்கள், பெட்டி ஒட்டினவர்கள், மருந்து முக்கினவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? நம் பக்கத்தில் ஒரு தொழிலாளியின் பெயர் பத்திரிகையில் முழுசாக வருவது விபத்து நடந்த மறுநாள்தான். வயது, ஊர், பெயர் என்று வரிசையாகப் போடுவார்கள். உயிரோடு இருந்தபோது செய்த வேலைக்காக அந்தப் பெயர் ஒரு நாளும் வந்திருக்காது. இதை எழுதும்போது என் வகுப்பில் உட்கார்ந்திருந்த சில முகங்கள் ஞாபகம் வருகின்றன. மேலே எழுத முடியவில்லை.

மேல்பலகையின் அடியில் இரண்டு மெல்லிய குறுக்குக் கம்புகளை ஒட்டி, பிறகு வஜ்ரம் காய்ச்சி உடம்போடு ஒட்டினான். சுற்றிலும் சைக்கிள் டியூபைக் கீறிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி வைத்தான். விரல் வைக்கும் பலகைக்கும் குதிரைக்கும் கருவேலங்கட்டை. வண்டிச்சக்கரத்துக்குப் போட்ட மரம். நரம்பு உரசிக் குழி விழாது. ஹவாயின் கோவா மரத்துக்கு உறவான மரம் இது என்று சொன்னேன். "அப்ப சம்பந்தி வீட்டு மரம்னு சொல்லுங்க" என்றான்.

மெட்டு வைக்கத்தான் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. வீணையில் மெழுகு இருப்பதால் காதால் கேட்டு நகர்த்தலாம். இங்கே மரத்தில் வாளால் காடி அறுத்துக் கம்பியை இறக்கிவிட்டால் பிறகு நகராது. அதனால் கணக்கு முதலில். நரம்பின் நீளம் 330 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் 18.5. முதல் மெட்டு அந்தத் தூரத்தில். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 17.5. அது இரண்டாம் மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 165இல் வந்து நிற்கும். பேத்தி போனில் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல அவன் குறித்தான். கடைசியில் 165 வந்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்குப் பாடம் இப்படி நடத்தியிருந்தால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்களோ.

நரம்பும் பிரடைகளும் பழைய உகுலேலேயிலிருந்து எடுத்தவை. உப்புத்தாள் தேய்த்து, மெல்லிசாக மெழுகு பூசி முடித்தான். பேத்தி சுருதி சேர்த்தாள். புது நரம்பு போலவே புது மரமும் முதலில் முரண்டு பிடிக்கும் போல. திரும்பத் திரும்ப இறங்கியது. பிறகு நின்றது. அவள் வாசித்தாள். கடையில் வாங்கியதை விடச் சத்தம் குறைவுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு மீட்டுக்கும் பின்னால் கொஞ்ச நேரம் சத்தம் உள்ளேயே இருந்து மெதுவாகப் போகிறது. பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அவன் கேட்டுக்கொண்டே கை துடைத்தான். நான் அப்போதுதான் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் உன்னை உட்காரச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்றான்.

உண்மையோ, எனக்காகச் சொன்னானோ. எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது போதும்.

ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து அவனிடம் கொடுத்து, பெயர், ஊர், வருஷம் எழுதச் சொன்னேன். கூச்சப்பட்டான். பேத்தி விடவில்லை. எழுதினான். அச்சு மாதிரி கையெழுத்து. பள்ளிக்கூடத்திலும் அவன் எழுத்து அப்படித்தான் இருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. வஜ்ரம் தடவி, ஓட்டை வழியாக விட்டு, உள்ளே முதுகுப் பலகையில் ஒட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்.

இங்கே அவன் பெயரைப் போடவில்லை. அவனே வேண்டாம் என்றான். "பேஸ்புக்ல போட்டீங்கன்னா ஆளுக்கொண்ணு கேப்பாக டீச்சர், கதவு வேலை எல்லாம் நின்னுரும்." நியாயம்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பழைய டீச்சர் கொடுக்கிற கடைசி வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கையால் செய்த பொருள் ஒன்றாவது இருக்கும். தாத்தா காலத்துப் பீரோ, நிலைக்கதவு, தொட்டில், பல்லாங்குழி, மிருதங்கம், எதுவானாலும் சரி. செய்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். அடுத்த தீபாவளிக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தவர்கள் அதுவரை இருக்க வேண்டுமே. பெயர் கிடைத்தால் பென்சிலால் அந்தப் பொருளின் அடியில் எழுதி வையுங்கள். இருக்கிறவர்கள் என்றால் அவர்களைக் கேட்டுக்கொண்டு இங்கேயும் எழுதுங்கள்.

நான் ஆரம்பித்து வைக்கிறேன். எங்கள் வீட்டு மரத்தொட்டில் 1958இல் செய்தது. அம்மாவின் மூத்த அண்ணனிடம் போன வாரம் கேட்டேன். அவருக்கு வயது 91. செய்தவரின் பட்டறை இருந்த இடம், வாங்கிய கூலி, தொட்டிலைச் சுமந்து வந்த வண்டி எல்லாம் சொன்னார். பெயர் மட்டும் வாய்வரைக்கும் வந்து வரவில்லை. நாளைக்கு மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
விஸ்வநத்தம்.